மண் உறைவதற்கு முன்

டிக்கெட் கொடுக்கும் பெண் முதலில் ஷினாரின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு கப்தேஷின் முகத்தைப் பார்த்தாள். கடைசி அறைக்குள் பிள்ளைத்தாய்ச்சிகள் போகாமல் இருப்பது நல்லது, முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னாள். கப்தேஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லா அறையையும் பார்ப்பதாகச் சொன்னார். நாற்பது வருஷம் அணுகுண்டு வெடித்துப் பார்த்த வெட்டவெளிக்கு எங்கள் வாயில் பொலிகோன் என்று பேர். அதன் கதையைச் சொல்வதற்காக நகரத்தில் ஒரு கட்டடத்தையும் ஒதுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வருவார்கள். பொலிகோனை ஒட்டிய ஊர்க்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சொந்த வீட்டு இழவை டிக்கெட் வாங்கிப் பார்ப்பானேன் என்று விட்டுவிடுவார்கள்.

வாசலில் ஒரு கூடையில் பூட்ஸுக்கு மேல் மாட்டிக்கொள்ளும் நீலப் பிளாஸ்டிக் உறைகள் கிடந்தன. வெளியே ஈரமும் சேறுமாக இருந்த அக்டோபர் மாதம் அது. ஷினார் குனிந்து பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், அதுவும் முடியவில்லை. ஆறாம் மாதத்துக்கு அந்த வயிறு பெரிதுதான். அப்போது கப்தேஷ், அறுபத்து மூன்று வயதுக்காரர், மாமனார், யாரும் எதிர்பாராதபடி அவள் காலடியில் முழங்காலிட்டார். ஒரு பூட்ஸில் மாட்டினார், மற்றதிலும் மாட்டினார். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள், அவருக்கு முதுகைக் காட்டி நடக்கமாட்டாள். மாமனார் தன் தேநீர்க் கிண்ணத்தைக்கூட அவள் கையிலிருந்துதான் வாங்குவார், தானாக எழுந்து ஊற்றிக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவர் அவள் காலைத் தொட்டதும் ஷினாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. குனிந்த தலையோடு, எழுந்திருக்க எதைப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். புருஷன் எங்கே என்று கேட்டதற்கு, மகன் யெர்சாத் மேற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பதாகவும், பிப்ரவரிக்கு முன் லீவு கிடைக்காது என்றும் கப்தேஷ் சொன்னார். அப்படியானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா ரஷ்ய மொழியில் விஷயத்தைச் சொன்னார். குழந்தைக்கு மண்டையோடு மூடவில்லை. வயிற்றுக்குள் இருக்கிறவரை இருக்கும், வெளியே வந்தால் இருக்காது. தாய்க்கு ஏற்கெனவே இரண்டு கலைந்திருக்கிறது, இரண்டாவதில் கத்தி வைத்திருக்கிறார்கள், ரத்தமும் நிறையப் போயிருக்கிறது. முழு மாதமும் சுமந்து, பனியில் பாதை அடைபட்ட ஊரில் வலி கண்டால், இவளும் பிழைப்பாள் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் கூட்டி வந்துவிடுங்கள், எடுத்துவிடலாம். பொலிகோனால்தானா என்று கப்தேஷ் கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எங்கள் பக்கத்தில் எதைக் கேட்டாலும் இந்த ஒரு பதில்தான்.

ஒரு சாவை நேராகச் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. அதற்கென்று ஊரில் ஒரு மூத்தவர் இருப்பார். வீட்டுக்கு வருவார், உட்காருவார், தேநீரைக் கலக்குவார், காற்றைப் பற்றியோ பனியைப் பற்றியோ ஆரம்பிப்பார். அங்கிருந்து ஒரு குதிரைக்கோ கழுகுக்கோ போவார். காட்டுக் குதிரையை வளைத்துப் பிடிப்பதுபோல் தூரத்திலிருந்து சுற்றிச் சுற்றி வந்து, கேட்கிறவர் தன் வாயாலேயே 'போயிட்டாரா?' என்று கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அதுவரை யாரும் யாரையும் கொன்றதாகாது. எங்கள் மூன்று ஊருக்கும் அந்த ஆள் கப்தேஷ்தான், சொல்லி முடித்த பிறகு குழி வெட்ட முன்னால் நிற்பவரும் அவர்தான். இருபது வருஷமாக அவர் நாக்குக்கு ஓய்வே இல்லை, அப்படி ஒரு மண் எங்கள் மண். இதனால் வந்த வினை, அவர் சும்மா ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்க முடியாது. சம்மட்டி இரவல் கேட்கப் போனால் வீட்டுக்காரி வாசலிலேயே நெஞ்சில் கையை வைத்துவிடுவாள். 'இன்னிக்குக் காத்து அதிகம்' என்று கடையில் தெரியாமல் சொல்லிவிட்டால் போதும், அங்கே நிற்கிற அத்தனை பேரும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாண விருந்துகளில் அவரை முதல் இடத்தில் உட்கார வைத்து, வாய் நிறையக் கறியைக் கொடுத்து, பேச்சை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த மருமகளைப் பார்த்ததும் கப்தேஷுக்கு ஒரு குதிரையும் கிடைக்கவில்லை, ஒரு கழுகும் கிடைக்கவில்லை. டாக்டர் என்ன சொன்னாங்க என்று அவள் கேட்டாள். ரிப்போர்ட் வரவேண்டும் என்று மென்று முழுங்கினார். ஊருக்குப் போகும் வேன் மாலையில்தான். நடந்துகொண்டே இருந்தபோது அருங்காட்சியகத்தின் பலகை கண்ணில் பட்டது. அங்கே கண்ணாடிக் குப்பிகளில் என்ன இருக்கிறது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். தான் சொல்ல வேண்டியதை அந்த அறை சொல்லிவிடும், அவள் பார்ப்பாள், புரிந்துகொள்வாள், 'என் பிள்ளையும் இப்படியா?' என்று அவளே கேட்பாள், தான் தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று நினைத்தார். இப்படி நினைக்க எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடியும்.

முதல் அறையில் குண்டை வெடிக்கவைத்த மேஜை இருந்தது. சாம்பல் நிற இரும்பு மேஜை, வரிசையாகக் குமிழ்கள், நடுவில் சிவப்பாக ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முண்டியடித்து அதை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுத்தினால் மேலே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ரௌஷன் என்று சட்டையில் பெயர் குத்திய வழிகாட்டிப் பெண், பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு இவர்களுக்கு விளக்கம் சொல்ல வந்தாள். மனப்பாடம் செய்த பேச்சு. காற்று நகரத்தின் பக்கம் வீசும்போது வெடிக்கமாட்டார்கள் என்றும், திசை மாறும்வரை விஞ்ஞானிகள் பொறுமையாகக் காத்திருப்பார்கள் என்றும் சொன்னாள்.

"மாறி எந்தப் பக்கம் வீசும்?" என்று கப்தேஷ் கேட்டார்.

அவள் வரைபடத்தில் கையை வைத்தாள். கை வைத்த இடத்தில்தான் அவர் ஊர் இருந்தது. அந்தப் பக்கம் வெறும் புல்வெளிதான் என்றாள். கப்தேஷ் சிரித்துவிட்டார். அந்தப் புல்வெளியில் அவர் சிறுவனாகக் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறார். பட்டாளத்துக்காரர்கள் வந்து, எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வாருங்கள், பள்ளத்தில் படுங்கள், மேலே பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பார்க்காதே என்று சொன்னதால் ஊரே பார்த்தது. அவ்வளவு அழகாக ஒன்றை அவர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதைச் சொன்னால் பாவம் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் படுத்திருந்த பையன்களில் இப்போது இருப்பது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் போய்த் தேநீரைக் கலக்கியவரும் அவர்தான்.

அடுத்த அறையில் ஒரு பக்கம் மட்டும் கருகிய ஆடுகளின் படங்கள். அவற்றைக் கட்டிப்போட்டு வெடித்திருக்கிறார்கள். ஷினார் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றாள். வலி இருக்கிறதா, உட்காருகிறாயா என்று அவர் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் நடையில் ஒரு நிதானம் வந்திருந்தது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பார்த்திராத நிதானம். கடைசி அறையின் கதவருகே ரௌஷன் தயங்கினாள். ஷினார் அவளைத் தாண்டித் தானே கதவைத் தள்ளினாள்.

அந்த அறையில் வெளிச்சம் குறைவு. சுவரை ஒட்டி மர அலமாரியில் குப்பிகள். ஒன்றில் ஒற்றைக் கண்ணோடு ஒரு முகம். ஒன்றில் கால்கள் இரண்டும் ஒன்றாக ஒட்டிய உடம்பு. ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது, விரல், நகம், காது மடல், மேல் உதட்டின் சின்ன வளைவு, நெற்றிக்கு மேல் மட்டும் ஒன்றுமில்லை. கப்தேஷால் அதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அவள் கேட்கப்போகும் கேள்விக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டத் தயாராக இருந்தார்.

அவள் அவரிடம் கேட்கவில்லை. வழிகாட்டியிடம் கேட்டாள்.

"இதுங்களுக்குப் பேரு என்ன?"

பெயர் இல்லை, எண்தான் என்றாள் ரௌஷன்.

"பிறந்தப்ப அழுதுதா?"

தெரியவில்லை அக்கா என்றாள் அந்தப் பெண். இவற்றைப் பெற்றவர்களுக்கு இவை இங்கே இருப்பது தெரியுமா என்று ஷினார் கேட்டாள். அதுவும் தெரியவில்லை. ஷினார் நெற்றி இல்லாத குழந்தையின் குப்பிக்கு நேராகக் குனிய முயன்றாள், குனிய முடியாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. துவா சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு பெயர்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. பால் ஊற்றிய தேநீரும், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக்கும் வாங்கி வைத்தார். அறை ஏமாற்றிவிட்டது. இனி தன் வாய்தான் கதி. கிண்ணத்தில் கரண்டியை விட்டுக் கலக்க ஆரம்பித்தார்.

"இந்த வருஷம் பனி சீக்கிரமே வந்துரும்போல இருக்கு கண்ணு. ஒரு வருஷம் இப்படித்தான். எங்க அப்பாகிட்ட ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்துச்சு. சினைக் குதிரை..."

"டீ ஆறுது மாமா. குடிங்க."

அவர் குடிக்கவில்லை. கரண்டி நின்றது.

"அந்தக் குட்டி பொழைக்கல. அதானே?" என்றாள் ஷினார். "நீங்க என் கால்ல அந்தப் பிளாஸ்டிக்க மாட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நல்லா இருக்கிற பிள்ளைக்காக எந்த மாமனாரும் மருமக கால்கிட்ட உக்காரமாட்டாரு."

அவர் தலையை ஆட்டினார். காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்த தலையாட்டல், இந்த இடத்தில் வந்து விழுந்தது.

அவளுடைய அப்பா செத்தபோதும் அவர்தான் வந்தாராம். அன்றைக்குக் கழுகுக் கதை. பன்னிரண்டு வயதில் அவள்தான் தேநீர் ஊற்றினாளாம். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தும், அவர் கரண்டியை எடுக்கும்போதெல்லாம் வீட்டில் யார் இல்லை என்று எண்ணிப் பார்ப்பேன் என்றாள். கப்தேஷுக்கு அந்த நாள் ஞாபகமில்லை. எத்தனையோ வீடு, எத்தனையோ கழுகு. அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வெளிய வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஒரு அழுகை இருக்கலாம். அதுவும் சந்தேகம்தான்."

"ஒரு அழுகை போதும்."

முதலில் அவருக்கு விளங்கவில்லை, பிறகு விளங்கியபோது கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எங்கள் பக்கத்தில், வெளியே வந்து ஒரு சத்தம் கொடுத்துவிட்ட பிள்ளைக்குக் காதில் பெயர் சொல்லியாக வேண்டும். பெயர் இருந்தால் தொழுகை உண்டு, குழி உண்டு, ஊரார் ஒவ்வொருவர் கையாலும் ஒரு பிடி மண் உண்டு. சத்தம் கொடுக்காததற்கு இதெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரியில் எடுத்ததற்கு ஒன்றுமே கிடையாது.

"மொத ரெண்டும் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது மாமா. கேட்டேன். யாரும் சொல்லல. இன்னிக்கு அந்த அலமாரியில தேடினேன்." அவள் பவுர்சாக் ஒன்றை எடுத்துப் பிய்த்து, தின்னாமல் வைத்தாள். "இத நான் அவங்ககிட்ட குடுக்கமாட்டேன்."

கப்தேஷ் பேசிப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னது, கத்தி வைத்த இடம், ரத்தம், பனியில் அடைபடும் பாதை எல்லாவற்றையும் சுற்றி வளைத்துச் சொன்னார். அவள் வெளியே சேற்றில் நிற்கும் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். நேராகச் சொன்னார்.

"நீயும் செத்துப்போவே."

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஷினார் திரும்பவில்லை.

"உங்களுக்கும் நேராப் பேச வருது," என்றாள். கேலியா, கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவள் குரல் இறங்கியது. "ஒரு வேலை மட்டும் செஞ்சுகுடுங்க மாமா. பிப்ரவரியில நம்ம மண்ணு இரும்பு. டயரக் கொளுத்தி வச்சுத்தான் தோண்டுவீங்க. என் பிள்ளைய அந்தக் கரிக்குள்ள வைக்க வேண்டாம். மண்ணு உறையறதுக்கு முன்னாடியே தோண்டி வச்சிருங்க."

திறந்த குழி ஆளைக் கூப்பிடும் என்பார்கள். ஆள் போகுமுன் குழி வெட்டுவது எங்களிடம் கிடையவே கிடையாது. அதையும் அவர் சொன்னார். கூப்பிடட்டும் என்றாள் அவள். வேன் புறப்படும் நேரமாகிவிட்டது.

அன்று மாலையே மகனுக்குப் போன் போட்டார். அங்கே வெயிலா குளிரா என்றுதான் கேட்டார். அப்பாவின் பிள்ளைக்கு அதன் அர்த்தம் தெரியாதா, 'யாருப்பா?' என்று நேராகக் கேட்டுவிட்டான் யெர்சாத். அதற்குப் பிறகு இருவரும் அழுதார்கள். மனைவியிடம் தான் பேசுவதாகச் சொன்னான், பேசினான், பேசி ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. டாக்டரம்மா இரண்டு முறை கூப்பிட்டார். ஷினார் போனை எடுத்து, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

நவம்பர் பிறந்ததும் புல்லின் நுனி காலையில் நொறுங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு வாரம் போனால் மண்வெட்டி இறங்காது. கப்தேஷ் மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். வழியில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தாண்டிப்போன பிறகு வீடுகளுக்குள் போன் எடுத்து, பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஊர் சரிபார்த்துக்கொண்டது. எல்லோரும் இருந்தார்கள். அது ஊரை இன்னும் பயமுறுத்தியது.

அவர் மனைவியின் மேட்டுக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்து போனவள். அவள் சாவை மட்டும் யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தலைமாட்டிலேயே இருந்தார். மேல்மண் உறையத் தொடங்கியிருந்தது, கடப்பாரையால் உடைத்தபின் கீழே மண் இளகி வந்தது. வேலை வேலையை இழுத்துக்கொண்டு போனது. யோசிக்காமல் இருக்க வேண்டும் என்று வேகமாகத் தோண்டினார். வியர்த்தது, கோட்டைக் கழற்றினார். எங்கோ ஒரு லாரி போனது. காகங்கள் வந்து உட்கார்ந்து பார்த்தன. பிள்ளையின் பெயரை ஷினார் ஏற்கெனவே முடிவு செய்திருப்பாள், தன்னிடம் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டார். காதில் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"மாமா."

கல்லறைச் சுவருக்கு வெளியே ஷினார் நின்றாள். பெண்கள் உள்ளே வருவதில்லை. கம்பளித் துணியில் சுற்றிய பிளாஸ்க் அவள் கையில் இருந்தது. மற்றொரு கை வயிற்றின் மேல்.

"காலையிலேர்ந்து உதைச்சுக்கிட்டே இருக்கு," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. எந்தத் தாய் முகத்திலும் இருக்கிற சிரிப்புதான். "மேல வாங்க, டீ குடிச்சிட்டுத் தோண்டலாம். சின்னக் குழிதானே, எவ்வளவு நேரம் ஆகும்?"

கப்தேஷ் மண்வெட்டியை ஊன்றி நின்று, அப்போதுதான் குழியைப் பார்த்தார். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் பார்த்தார். இருபது வருஷம் தோண்டிப் பழகிய கை, தன்பாட்டுக்குத் தோண்டியிருந்தது. சுவருக்கு வெளியே நிற்பவளைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார். ஒரு பெண் காலை நீட்டிப் படுக்கலாம், சரியாக இருக்கும்.

ஓரத்தில் குவிந்திருந்த மண்ணை இரண்டு கையாலும் வாரிக் கால்மாட்டில் தள்ள ஆரம்பித்தார். மண்வெட்டியைத் தேடி எடுக்கத் தோன்றவில்லை.

"ஏன் மண்ண உள்ள தள்ளுறீங்க மாமா?"

அவர் நிமிரவில்லை. வாயில் வேறு எதுவும் வரவில்லை, வந்தது ஒன்றுதான்.

"இந்த வருஷம்," என்றார், "காத்து ஒரு மாதிரியா இருக்கு கண்ணு."

சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.